கீறலுக்குத் தள்ளுபடி உண்டு

பிரஷர் குக்கர் வாங்கப் போகும் நம் வீட்டுப் பெரியவர்களைக் கவனித்திருப்பீர்கள். குக்கரைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். வெளிச்சத்தில் திருப்பி, எங்காவது சொட்டை விழுந்திருக்கிறதா என்று தேடுவார்கள். மூடியில் ஒரு கீறல் கண்ணில் பட்டுவிட்டால் போதும், கடைக்காரர் ஐம்பது ரூபாயாவது குறைத்தாக வேண்டும். ஆனால் அந்த மூடியில் இருக்கும் சேஃப்டி வால்வு சரியான சூட்டில் உருகுமா என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் கடைக்காரருக்குத் தெரியாது. "கேரண்டி இருக்கு சார்" என்பதோடு அந்த விசாரணை முடிந்துவிடும்.

அமெரிக்காவில் கைத்துப்பாக்கி வாங்குகிறவர்களும் ஏறக்குறைய இப்படித்தான். அங்கே துப்பாக்கி என்பது நம் ஊர் மிக்ஸி, கிரைண்டர் மாதிரி ஒரு சாமான். கண்ணாடிப் பெட்டிக்குள் விலைச் சீட்டோடு வரிசையாக வைத்திருப்பார்கள். ஆயிரம் டாலர் சரக்கும் உண்டு, இருநூறு டாலர் சரக்கும் உண்டு. இருநூறு டாலர் கொடுத்துப் புதிதாக ஒன்றை வீட்டுக்கு எடுத்துப்போனவர் முதலில் பார்ப்பது அதன் தோற்றக் குறைகளைத்தான். கைப்பிடியின் பிளாஸ்டிக்கில் அச்சு வார்த்த கோடு அப்படியே தெரியும். ஸ்லைடு எனப்படும் மேல்பாகத்தில் பெயின்ட் ஓரிடத்தில் தடிப்பாகவும் ஓரிடத்தில் மெலிசாகவும் இருக்கும். கழற்றிப் பார்த்தால் உள்ளே மெஷின் ஓடிய தடம் தெரியும்.

இதெல்லாம் மன்னிக்கக்கூடிய குறைகள். மெருகேற்றுவது ஆள் கூலி பிடிக்கும் வேலை. விலையைக் குறைக்க நினைக்கும் கம்பெனி முதலில் அங்கேதான் கை வைக்கும். அச்சுக் கோட்டைத் தேய்த்து எடுப்பதால் குண்டு நேராகப் போய்விடாது. வாங்கியவர் உண்மையில் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டே. சுட வேண்டியபோது இது சுடுமா? சுடக்கூடாதபோது சுடாமல் இருக்குமா? இந்த இரண்டுக்கும் பெயின்ட் பதில் சொல்லாது.

பார்க்க மோசம், வேலையில் பரவாயில்லை என்று பெயரெடுத்த துப்பாக்கி ஒன்று அமெரிக்காவில் உண்டு. ஓஹயோ மாநிலத்தில் தயாராகும் 'ஹை-பாயின்ட்'. அதன் 9 எம்.எம். மாடலான சி-9, பல வருடங்கள் இருநூறு டாலருக்கும் குறைவாகவே விற்றது. அதைக் கேலி செய்யாத துப்பாக்கிப் பிரியர் கிடையாது. சுடுவதைவிடத் தூக்கி எறிந்தால் எதிரிக்குக் காயம் அதிகம் என்பார்கள். 2019ல் அந்தக் கம்பெனி தன் புது மாடலுக்குப் பெயர் சொல்லுங்கள் என்று பொதுமக்களைக் கேட்டபோது, அவர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த பெயர் 'யீட் கேனன்'. 'யீட்' என்றால் விசிறி எறிவது என்று இளைஞர் பாஷையில் அர்த்தம். முதலில் தயங்கிய கம்பெனி, பிறகு அந்தப் பெயரையே ஏற்றுக்கொண்டது. தன் தயாரிப்பின் அழகைப் பற்றி அதற்கு எந்தப் பிரமையும் இல்லை.

இந்த அவலட்சணத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. தோட்டா வெடித்ததும் குண்டு முன்னால் பாய்கிறது. அதே அழுத்தம் ஸ்லைடைப் பின்னால் தள்ளுகிறது. குண்டு குழாயை விட்டு வெளியேறி அழுத்தம் தணியும்வரை ஸ்லைடு திறக்கக் கூடாது. விலை உயர்ந்த 9 எம்.எம். பிஸ்டல்களில் குழாயும் ஸ்லைடும் அந்த ஒரு கணம் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். அதற்குத் துல்லியமான கடைசல் வேலை தேவை, அதாவது பணம் தேவை. ஹை-பாயின்ட் அந்தப் பூட்டை அடியோடு விட்டுவிட்டது. ஸ்லைடின் கனமும் ஸ்பிரிங்கின் விறைப்புமே பூட்டின் வேலையைச் செய்கின்றன. ஸ்லைடையும் எஃகில் கடையாமல் துத்தநாகக் கலவையில் வார்க்கிறார்கள். எனவே அது செங்கல் மாதிரி தடித்திருக்கிறது. எட்டுத் தோட்டா கொள்ளும் சி-9ன் எடை 800 கிராமுக்கு மேல். பதினேழு தோட்டா கொள்ளும் ஆஸ்திரியாவின் 'க்ளாக் 17' அதைவிட லேசு.

க்ளாக் மட்டும் என்ன, பிறக்கும்போதே அழகியா? 1980களின் தொடக்கத்தில் காஸ்டன் க்ளாக் என்ற எஞ்சினியர் அதை வடிவமைத்தபோது அவருக்குத் துப்பாக்கித் தொழிலில் அனுபவமே கிடையாது. திரைச்சீலைக் கம்பியும் ராணுவத்துக்குக் கத்தியும் செய்துகொண்டிருந்தவர். பிளாஸ்டிக் உடம்பும் சதுர முகமுமாக வந்த அந்தப் பிஸ்டலைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. 1982ல் ஆஸ்திரிய ராணுவம் அதைத் தேர்ந்தெடுத்தது. பிறகு உலகத்துப் போலீஸ்காரர்கள் பலரின் இடுப்பில் அது ஏறிக்கொண்டது. நமது தேசியப் பாதுகாப்புப் படையிடமும் இருக்கிறது. அழகைப் பார்த்து அதை யாரும் வாங்கவில்லை. ஆயிரக்கணக்கில் சுட்டுப் பார்த்து, எத்தனை தடவை மக்கர் பண்ணியது என்று எண்ணி வாங்கினார்கள்.

எண்ணுவது என்றால் எத்தனை? புதுத் துப்பாக்கி வாங்கியவர் வார இறுதியில் மைதானத்துக்குப் போய் ஒரு பெட்டி, அதாவது 50 தோட்டா சுடுகிறார். ஒரு தடவைகூடச் சிக்கவில்லை. அடடா, நம்பகமான சரக்கு என்று திருப்தியோடு திரும்பிவிடுகிறார். புள்ளியியல் தெரிந்தவரிடம் கேட்டால் இந்தத் திருப்தியைக் கலைத்துவிடுவார். அவர்களிடம் ஓர் எளிய வாய்ப்பாடு உண்டு. தவறே இல்லாமல் எத்தனை தடவை சோதித்தீர்களோ அந்த எண்ணால் மூன்றை வகுக்க வேண்டும். 95 சதவீத நிச்சயத்தோடு நீங்கள் சொல்லக்கூடிய அதிகபட்சத் தவறு விகிதம் அதுதான். 50 தோட்டா பிசகாமல் சுட்டால், நூற்றுக்கு ஆறு தடவைவரை அது சிக்கக்கூடும் என்பதை உங்களால் மறுக்க முடியாது. நூற்றுக்கு ஒன்றுக்குக் கீழே என்று சொல்ல வேண்டுமானால் 300 தோட்டா பிசகாமல் சுட்டிருக்க வேண்டும். மலிவுத் துப்பாக்கி வாங்கியவருக்கு இதில் ஒரு சங்கடம். 300 தோட்டாவின் விலை துப்பாக்கியின் விலையில் கணிசமான பங்கை எட்டிவிடும். எனவே சோதனை பெரும்பாலும் ஒரு பெட்டியோடு நின்றுவிடுகிறது.

இந்தச் சோதனையைத் தனி மனிதர் தலையில் கட்டக் கூடாது என்று கலிபோர்னியா மாநிலம் 1999ல் ஒரு சட்டம் இயற்றியது. 2001லிருந்து அமல். அங்கே விற்பனைக்கு வரும் புதுக் கைத்துப்பாக்கி மாடல் ஒவ்வொன்றிலும் மூன்றை எடுத்து, ஒவ்வொன்றிலும் 600 தோட்டா சுட வேண்டும். முதல் 20ல் ஒன்றுகூடச் சிக்கக் கூடாது. மொத்தத்தில் ஆறு தடவைக்கு மேல் சிக்கக் கூடாது. அது மட்டுமல்ல, ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கான்கிரீட் தளத்தில் வெவ்வேறு வாட்டத்தில் ஆறு தடவை போட வேண்டும். ஒரு தடவைகூட வெடிக்கக் கூடாது. பெயின்ட் எப்படி இருக்கிறது என்பதைப் பற்றிச் சட்டத்தில் ஒரு வார்த்தை கிடையாது.

இப்படி ஒரு சட்டத்துக்குக் கலிபோர்னியாவுக்கு ஏன் அவசரம் வந்தது என்பதற்கு ஒரு பின்கதை இருக்கிறது. மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் சுட்டுக் கொல்லப்பட்ட 1968ல் அமெரிக்கா துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. வெளிநாட்டிலிருந்து வந்து குவிந்த குட்டித் துப்பாக்கிகள் அதனால் தடுக்கப்பட்டன. குழாய் நீளம், எடை, பாதுகாப்பு வசதி இவற்றுக்கெல்லாம் மார்க் போட்டு, தேறியவற்றை மட்டும் உள்ளே விட்டார்கள். ஆனால் இந்த மார்க் முறை இறக்குமதிச் சரக்குக்கு மட்டும்தான். உள்ளூரிலேயே செய்தால் கேள்வி கிடையாது. விளைவு, 1970லிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைச் சுற்றி ஒன்றன் பின் ஒன்றாக மலிவுத் துப்பாக்கிக் கம்பெனிகள் முளைத்தன. ரேவன், ஜென்னிங்ஸ், ப்ரைகோ, டேவிஸ், லார்சின் என்று. பல கம்பெனிகள் ஒரே குடும்பத்தையும் அதன் வட்டாரத்தையும் சேர்ந்தவை. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் தயாரான கைத்துப்பாக்கிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்த வட்டாரத்தின் சரக்கு. காரன் வின்ட்டமியூட் என்ற டாக்டர் 1994ல் இவற்றைப் பற்றி ஓர் ஆய்வறிக்கை எழுதி, 'நெருப்பு வளையம்' என்று பெயர் வைத்தார்.

இவற்றில் பலவும் பார்க்க மோசமில்லை என்பதுதான் வேடிக்கை. குரோமியம் பூசி, முத்துச் சிப்பி மாதிரி கைப்பிடி போட்டு, நகைக்கடையில் வைக்கலாம் போன்ற சமாசாரமாக விற்றவைகூட உண்டு. உள்ளே அதே துத்தநாகக் கலவை. ஹை-பாயின்ட்டுக்கு நேர் எதிர். அங்கே அழகை விட்டுக்கொடுத்தார்கள். இங்கே எதை விட்டுக்கொடுத்தார்கள் என்பது பிறகு ஒரு நீதிமன்றத்தில் தெரியவந்தது.

1994ல் வட கலிபோர்னியாவின் சிற்றூர் ஒன்றில் ஏழு வயதுச் சிறுவன். பெற்றோர் வெளியே போயிருக்கிறார்கள். வீட்டில் இருந்த ப்ரைகோ பிஸ்டலைக் குடும்பத்துக்குத் தெரிந்த ஓர் இளைஞர் எடுத்து, ஆபத்தில்லாமல் தோட்டாவை வெளியே எடுத்துவிடலாம் என்று முயல்கிறார். அந்த மாடலில் தோட்டாவை எடுக்க ஸ்லைடைப் பின்னால் இழுக்க வேண்டும். சேஃப்டி போட்டிருந்தால் ஸ்லைடு நகராது. எனவே சேஃப்டியை எடுத்துவிடுகிறார். கை தவறி விசையில் படுகிறது. குண்டு சிறுவன் மீது பாய்கிறது. உயிர் தப்பிவிட்டான். ஆனால் கழுத்துக்குக் கீழே உடம்பு செயலற்றுப்போனது.

சேஃப்டியை எடுத்தால்தான் ஸ்லைடு நகரும் என்ற அமைப்பு பெயர்பெற்ற பழைய பிஸ்டல்கள் சிலவற்றிலும் உண்டு. அதை மட்டும் வைத்துத் தயாரிப்பாளரைக் குற்றம் சொல்ல முடியாது. சிறுவன் தரப்பு வக்கீல் வேறொன்றைத் தோண்டி எடுத்தார். இந்தத் துப்பாக்கியை ஆரம்பத்தில் சேஃப்டி போட்டபடியே இயக்க முடிந்தது, ஆனால் அப்படி இயக்கும்போது தோட்டா சிக்கிக்கொண்டது. சிக்கலைச் சரி செய்வதற்குப் பதில் சேஃப்டி போட்டால் ஸ்லைடே நகராதபடி மாற்றிவிட்டார்கள் என்பது அவரது வாதம். கவனியுங்கள். முதல் கேள்விக்கு, அதாவது சுட வேண்டியபோது சுடுமா என்பதற்கு, சுலபமான பதில் ஒன்றைத் தேடப்போய் இரண்டாவது கேள்வியை விட்டுவிட்டார்கள். வாங்கியவர் கண்ணில் படக்கூடிய கோளாறு மறைந்தது. படாத கோளாறு ஒன்று உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

2003ல் ஜூரிகள் சிறுவன் பக்கம் தீர்ப்பளித்தார்கள். மொத்த நஷ்டம் சுமார் 5 கோடி டாலர் என்று மதிப்பிட்டு, அதில் சுமார் 2.4 கோடி டாலரைத் தயாரிப்பாளர் தரப்பு தர வேண்டும் என்றார்கள். தீர்ப்பு வந்த கையோடு உரிமையாளர் திவால் மனுப் போட்டார். 2004ல் தொழிற்சாலை ஏலத்துக்கு வந்தது. சக்கர நாற்காலியில் வளர்ந்து அப்போது பதினேழு வயதாகியிருந்த அந்தப் பையன், நன்கொடை திரட்டி ஏலம் கேட்டான். வாங்கி, மிச்சமிருக்கும் துப்பாக்கிகளை உருக்கிவிட்டுத் தொழிற்சாலையை மூடிவிட வேண்டும் என்பது அவன் எண்ணம். கம்பெனியின் பழைய ஃபோர்மேன் 5,10,000 டாலருக்குக் கேட்டு ஏலத்தை எடுத்துவிட்டார். வேறு பெயரில் அதே வகைத் துப்பாக்கிகள் மறுபடி வெளிவந்தன. அந்தக் கம்பெனியும் 2020ல் திவால் மனுப் போட்டது.

இத்தனைக்கும் அமெரிக்கா நுகர்வோர் நலத்தில் பேர்போன தேசம். குழந்தைகள் கட்டில், டோஸ்டர் என்று எது பழுதானாலும் கம்பெனிகள் சரக்கைத் திரும்ப அழைத்துக்கொள்ள வேண்டும். அதற்கென்றே 1972ல் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் அமைத்தார்கள். ஆனால் துப்பாக்கியும் தோட்டாவும் அதன் அதிகாரத்துக்கு வெளியே என்று சட்டத்திலேயே எழுதிவைத்துவிட்டார்கள். பொம்மைத் துப்பாக்கியின் பிளாஸ்டிக் முனை உடைந்து குழந்தையின் தொண்டையில் சிக்கும் என்றால் ஆணையம் தலையிடலாம். நிஜத் துப்பாக்கி கீழே விழுந்து வெடித்தால் முடியாது. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில மாநிலங்கள் மட்டும் கலிபோர்னியா மாதிரி சொந்தமாகச் சோதனை வைத்துக்கொண்டிருக்கின்றன.

மலிவுச் சரக்கு வாங்கினால் இப்படித்தான், நல்ல விலை கொடுத்தால் கவலை இல்லை என்று யாராவது ஆறுதல் தேடினால் அதுவும் சரியில்லை. 2017 ஜனவரியில் அமெரிக்க ராணுவம் 'சிக் சாவர் பி-320' என்ற பிஸ்டலைத் தேர்ந்தெடுத்தது. ஒப்பந்தத்தின் உச்சவரம்பு 58 கோடி டாலர். நேர்த்தியான சரக்கு, கீறல் கிடையாது, இருநூறு டாலருக்குக் கிடைக்காது. ராணுவச் சோதனையில் அதைக் கீழே போட்டபோது வெடித்தது. ராணுவத்துக்கான பிரதியில் விசையின் பாகங்களை லேசாக்கிச் சரிசெய்தார்கள். கடையில் விற்ற பிரதியோ அப்படியே விற்றுக்கொண்டிருந்தது. குறிப்பிட்ட கோணத்தில் விழுந்தால் வெடிக்கிறது என்ற விஷயம் வெளியே வந்தபின், அந்த ஆகஸ்ட் மாதம் 'விருப்பப்பட்டவர்கள் மேம்படுத்திக்கொள்ளலாம்' என்று கம்பெனி அறிவித்தது. வித்தியாசம் விலையில் இல்லை. ராணுவத்துக்காகச் சோதிக்க ஆள் இருந்தார்கள். கடையில் வாங்கியவருக்கு யாரும் இல்லை.

ஹை-பாயின்ட் கம்பெனி தன் சரக்குக்கு ஆயுள்கால வாரண்டி தருகிறது. நாலு கை மாறி வந்திருந்தாலும் இலவசமாகச் சரிசெய்து கொடுக்கிறார்கள். பாராட்ட வேண்டிய விஷயம்தான். ஆனால் வாரண்டி துப்பாக்கியை மட்டும்தான் சரிசெய்யும்.

நமக்கு இதில் என்ன? நம் நாட்டில் துப்பாக்கி மிக்ஸி மாதிரி சாமான் இல்லை. 1959ம் வருட ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தொட முடியாது. அப்படியே இருக்கட்டும். ஆனால் உரிமம் வாங்கியவரின் நிலைமையைப் பாருங்கள். 1980களின் நடுவில் பொதுமக்களுக்கான இறக்குமதி நின்றுபோனது. அதன்பின் நெடுங்காலம், புது ரிவால்வர் என்றால் அரசாங்கத்தின் படைக்கலத் தொழிற்சாலை செய்ததுதான். இங்கே தோற்றக் குறைக் கணக்கு தலைகீழ். மெருகு போய், கைப்பிடி தேய்ந்த பழைய பிரிட்டிஷ் ரிவால்வருக்கு, கான்பூரிலிருந்து பெட்டி பிரிக்காமல் வந்த புதியதைவிடப் பல மடங்கு விலை கொடுக்க ஆள் இருக்கிறார்கள். நம்பகத்தன்மையைச் சோதித்து அல்ல, பேரை நம்பி.

2014ல் கான்பூர் தொழிற்சாலை பெண்களுக்கென்று 'நிர்பீக்' என்ற ரிவால்வரை வெளியிட்டது. டில்லியில் 2012 டிசம்பரில் நடந்த கொடுமைக்குப் பிறகு வந்த சரக்கு. விலை 1,22,360 ரூபாய். அப்போது செய்தியில் அடிபட்டவை அதன் 500 கிராம் எடை, டைட்டானியம் கலவை உடம்பு, நகைப்பெட்டி மாதிரி அரக்கு நிறப் பெட்டி. எத்தனை ஆயிரம் தோட்டா சுட்டதில் எத்தனை தடவை சிக்கியது என்ற கணக்கு அந்தப் பேச்சில் வரவில்லை. வாங்கியவர் தானே சோதிக்கலாம் என்றால், ஒரு தடவையில் எத்தனை தோட்டா, வருடத்தில் எத்தனை என்று உரிமத்திலேயே எழுதியிருக்கும். முந்நூறு சுட்டுப் பார்ப்பது பலருக்கும் நடக்காத காரியம். துப்பாக்கியில் குத்தியிருக்கும் சோதனை முத்திரை, அதிக அழுத்தத் தோட்டாவை வெடித்தபோது குழாய் தாங்கியது என்பதற்கு அத்தாட்சி. ஆறாவது தடவையும் சுடும் என்பதற்கோ கீழே விழுந்தால் சுடாது என்பதற்கோ அத்தாட்சி அல்ல.

இதுவரை ஒரே கடை, ஒரே சரக்கு. இனி அப்படி இருக்காது. 2021 அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலை வாரியமே கலைக்கப்பட்டு ஏழு கம்பெனிகளாகிவிட்டது. 2023ல் கான்பூரிலிருந்து 'பிரபல்' என்ற புது ரிவால்வர் வந்தது. தனியாரும் உரிமம் பெற்றுத் தயாரிக்க இறங்கியிருக்கிறார்கள். போட்டி வந்தால் விலை இறங்கும். விலை இறங்கும்போது கம்பெனி எதை விட்டுக்கொடுக்கிறது, மெருகையா, உள்ளே இருக்கும் வேறு ஏதாவதையா என்று யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும். கலிபோர்னியா மாதிரி 600 தோட்டா, ஒரு மீட்டர் உயரம், கான்கிரீட் தளம், முடிவை எல்லோரும் படிக்கும்படி வெளியிடுவது, இவ்வளவுதான் செலவு. அமெரிக்கா முப்பது வருடம் சந்தையை வளரவிட்டுப் பிறகு யோசித்தது. நாம் சந்தை வருவதற்கு முன்னாலேயே யோசிக்கலாம்.

நம் நாட்டில் பிரஷர் குக்கருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். 2021லிருந்து குழந்தைகளின் பொம்மைக்கும் கட்டாயம். பொம்மைத் துப்பாக்கியும் அதில் சேர்த்தி. அதைக் கேட்டவர்கள் நிஜத் துப்பாக்கிக்கும் கேட்கலாம். கீறலைப் பார்த்து விலை பேச நமக்கே தெரியும். அந்த இளைஞருக்கும் ப்ரைகோவின் வெளிப்புறம் நன்றாகவே தெரிந்திருக்கும். சேஃப்டியை எடுக்காமல் தோட்டாவை எடுக்க முடியாது என்பது கையில் எடுத்த பிறகுதான் தெரிந்தது.